தட்டுக்கழிவு

காடாம்புலியூர் தாண்டி ரோட்டோரம்
முந்திரிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
விருத்தாசலத்தில் பி.காம். படிக்கையில்
‘மனித மூலதனம் – சிறுகுறிப்பு வரைக’
ஐந்துக்கு நான்கு வாங்கினேன்.
என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை.

ஆப்பிரிக்காவில் காய்த்துத் தூத்துக்குடியில் இறங்கி
லாரியேறி வருகிற கொட்டையை
முப்பத்திரண்டு பெண்கள் உடைக்கிறார்கள்.
சாம்பலில் தோய்த்த விரல்கள்தாம்,
இருந்தும் ஓட்டெண்ணெய் ரேகையைத் தின்றுவிடும்.
ரேஷன் கடை மிஷினில் கைவைத்தால்
இவர்கள் யாருமே இல்லை.
முழுப்பருப்பு கிலோவுக்கு இருபது ரூபாய் கூலி.
உடைசலுக்கு எட்டு.
முழுசு கப்பலேறும்,
உடைசல் இங்கேயே யார் வீட்டுப் பாயசத்திலாவது.

அஞ்சலாட்சிக்கு நாற்பத்தேழு.
மூன்று வருஷமாக உடைசல் ஏறிக்கொண்டே வந்தது.
‘உடம்பு வணங்கல’ என்றார் முதலாளி.
பேரேட்டில் அவள் பேருக்கு எதிரே
சிவப்புக் கோடு போட்டது நான்.

ஆடி மாசம், பள்ளிக்கூட வராண்டாவில் கண் முகாம்.
கடலூர் பெரியாஸ்பத்திரி வேன்,
ஒரு நர்ஸம்மா, அட்டையில் தலைகீழ் ‘ப’க்கள்.
மத்தியானச் சோற்று நேரத்தில் போய்
பத்துப் பேர் கண்ணாடியோடு திரும்பினார்கள்.
ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அப்படியொரு சிரிப்பு.
அஞ்சலாட்சி ஒரு கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
‘தே, இதுக்கு மூக்கு இருக்கறதே மறந்துபோச்சுடி’ என்றாள்.
மூக்கில் தட்டினால் முழுசாக வரும்.
மூன்று வருஷமாக அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த மாசம் முழுப்பருப்பு நூற்றுப்பத்துக் கிலோ கூடுதல்.
‘நல்ல லோடுப்பா இது’ என்றார் முதலாளி.
ஆபீஸ் டிவியில் நாட்டின் வளர்ச்சி ஏழு சதவீதம்.
அந்த ஏழுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து
எத்தனை பூஜ்யம் தள்ளி எங்கள் நூற்றுப்பத்துக் கிலோ வரும்
என்று போட்டுப் பார்த்தேன்.
கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை
எடை போட வந்தவள் தட்டைக் கவிழ்த்துக் காலிசெய்து
வெறும் தட்டைத் தராசில் வைத்தாள்.
இத்தனை நாள் அவளுக்கு அது
மேசையோரம் மினுங்கும் சிவப்புப் புகை.
பஸ் நம்பர் அளவுக்கு எண் தெரியும்.
‘ரெண்டு, சைபர், சைபர்’ என்று படித்தாள்.
நான் கழிப்பது முந்நூறு.
தட்டுக்கழிவு என்று பேர். எனக்கு முன்னாலிருந்தவர் காலத்து வழக்கம்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒரு தாள் வந்தது,
கணக்கு நோட்டில் கிழித்தது, ஓரத்தில் மார்ஜின் கோடு.
மகள் தர்ஷினி, எட்டாம் வகுப்பு.
போன வருஷம் பிரேயரில் இரண்டுமுறை மயங்கி விழுந்த பிள்ளை,
‘தோலுரிக்கவாவது வரட்டும்’ என்று என்னிடம் இடம் கேட்டார்கள்.
வியாழக்கிழமைச் சத்து மாத்திரையில் எப்படியோ தெளிந்து
பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டது.
தாளில் இருந்தது:

தட்டுக்கு நூறு கிராம். நாளுக்கு மூன்று தட்டு.
ஆறு ரூபாய்.
வருஷம் முந்நூறு நாள், ஆயிரத்து எண்ணூறு.
பதினோரு வருஷம், பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
அடியில் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதி இரண்டு கோடு.

சரிபார்த்தேன். சரி.

முதலாளி வெகுநேரம் தாளைப் பார்த்தார்.
‘ஃப்ரீயா கண்ணாடி குடுத்தது எவன்யா?’
இன்று முதல் இருநூறுதான் கழிக்கச் சொன்னார்.
கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன்.
சுத்தியல்கள் நின்றன.
அஞ்சலாட்சி கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு
‘சரிங்க’ என்றாள்.
‘பழசு?’